ஒரு லிட்டர் பாலில் இயற்கை ஐஸ்கிரீம்: வீட்டுக்குச் செய்வது எப்படி, விற்கும் முன் பார்க்க வேண்டியவை என்ன?

கோடை வந்துவிட்டால் கிராமத்துத் தெருக்களிலும் ஐஸ்கிரீம் வண்டியின் மணி கேட்கத் தொடங்கிவிடும். வீட்டுக் கொட்டகையில் இரண்டு கறவை மாடுகள் நிற்கும். காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால் ஊற்றுவோம். ஆனால் நம் பிள்ளைகள் வண்டியில் வாங்கிச் சாப்பிடும் கப்பில் பெரும்பாலும் பால் கொழுப்பே இருக்காது. பாமாயில், சர்க்கரை, நிறம், வாசனை, மீதி காற்று என்றுதான் இருக்கும்.

பால், பாலாடை, சர்க்கரை, பழம் ஆகிய நான்கு பொருள்களை வைத்தே நல்ல ஐஸ்கிரீம் செய்யலாம். கொஞ்சம் கணக்கும் சுத்தமும் தெரிந்தால் போதும். வீட்டுக்காக மட்டும் செய்பவர்களுக்கும், பாலை மதிப்புக்கூட்டி விற்க நினைப்பவர்களுக்கும் தேவையான விவரங்களைப் பார்ப்போம்.

கடையில் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் பெயரைப் பாருங்கள். டப்பாவில் 'ஐஸ்கிரீம்' என்று இருந்தால் அதில் உள்ள கொழுப்பு பால் கொழுப்பாகத்தான் இருக்க வேண்டும். 'ஃபுரோசன் டெசர்ட்' என்று இருந்தால் அதில் தாவர எண்ணெய் சேர்ந்திருக்கலாம். இரண்டும் ஒரே மாதிரி டப்பாவில், ஒரே குளிர்பெட்டியில்தான் இருக்கும். பெயர் மட்டும் சின்ன எழுத்தில் வேறாக இருக்கும்.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) விதிப்படி, ஐஸ்கிரீமில் குறைந்தது 10 சதவீதம் பால் கொழுப்பும், 36 சதவீதம் மொத்தத் திடப்பொருளும், 3.5 சதவீதம் பால் புரதமும் இருக்க வேண்டும். ஒரு லிட்டர் ஐஸ்கிரீமின் எடை 525 கிராமுக்குக் குறையக் கூடாது. கொழுப்பு 2.5 சதவீதத்துக்கு மேலும் 10 சதவீதத்துக்குக் கீழும் இருந்தால் அது 'மீடியம் ஃபேட் ஐஸ்கிரீம்'. 2.5 சதவீதத்தைத் தாண்டாமல் இருந்தால் 'லோ ஃபேட் ஐஸ்கிரீம்'.

லிட்டருக்கு 525 கிராம் என்ற அளவைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு லிட்டர் பால் 1 கிலோவுக்குச் சற்று மேல் எடை இருக்கும். ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் அரை கிலோதான் இருக்கிறது என்றால் ஏறத்தாழ பாதி இடத்தைக் காற்று பிடித்திருக்கிறது. இது ஏமாற்று வேலை இல்லை. காற்று இல்லாவிட்டால் ஐஸ்கிரீம் மென்மையாக வராது. ஆனால் எவ்வளவு காற்றுக்குக் காசு கொடுக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். அடுத்த முறை வாங்கும்போது மில்லிலிட்டர் அளவை மட்டும் பார்க்காமல் கிராம் அளவையும் பாருங்கள்.

எண்களைக் கண்டு பயப்பட வேண்டுமா?

மூலப்பொருள் பட்டியலில் 412, 407, 471 போன்ற எண்கள் இருக்கும். எண் இருந்தாலே விஷம் என்று நினைக்க வேண்டாம்.

• 412 என்பது குவார் கம். நம் கொத்தவரை விதையிலிருந்து எடுக்கப்படும் பசை.
• 407 என்பது காராஜீனன். கடற்பாசியிலிருந்து கிடைப்பது. ராமநாதபுரம் கடலோரத்தில் பெண்கள் வளர்க்கும் கப்பாபைகஸ் பாசி இதற்காகத்தான் போகிறது.
• 410 என்பது கரோப் மரத்தின் விதையிலிருந்து வரும் பசை.
• 471 என்பது எண்ணெய், கொழுப்பிலிருந்து தயாரிக்கப்படும் குழம்பாக்கி. நீரையும் கொழுப்பையும் பிரியாமல் பிடித்து வைக்கும்.
• 102, 110, 122, 133 ஆகியவை செயற்கை நிறங்கள். இவற்றைத் தவிர்க்க விரும்பினால் பார்க்க வேண்டிய எண்கள் இவைதான்.

பழத்தின் படம் டப்பாவில் இருந்தால் மட்டும் போதாது. மூலப்பொருள் பட்டியலில் பழக்கூழ் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். பழமே இல்லாமல் வாசனை மட்டும் சேர்த்த ஐஸ்கிரீம்களும் உண்டு.

நம் பாலுக்குக் கணக்கு போடுவோம்

வீட்டு ஐஸ்கிரீம் சரியாக வராததற்கு முக்கியக் காரணம் பாலில் உள்ள தண்ணீர். பசும்பாலில் 87 சதவீதம் வரை தண்ணீர்தான். அப்படியே உறைய வைத்தால் பெரிய பனிப் படிகங்கள் உருவாகி, பல்லில் நறநறவென்று கடிபடும். எனவே தண்ணீரைக் குறைத்து, கொழுப்பையும் திடப்பொருளையும் கூட்ட வேண்டும். பாலைச் சுண்டக் காய்ச்சுவது இதற்காகத்தான்.

உங்கள் சொசைட்டிச் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஃபேட், எஸ்.என்.எஃப். என்று இரண்டு எண்கள் இருக்கும். எருமைப் பாலில் ஃபேட் 6.5, எஸ்.என்.எஃப். 9 என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் பால் சுமார் 1,030 கிராம். அதில் கொழுப்பு 67 கிராம், கொழுப்பற்ற திடப்பொருள் 93 கிராம் இருக்கும்.

இந்தப் பாலை 650 கிராம் ஆகும் வரை சுண்டக் காய்ச்சி, 50 கிராம் கிரீமும் 120 கிராம் சர்க்கரையும் சேர்த்தால் மொத்தம் 820 கிராம். கிரீமில் 40 சதவீதம் கொழுப்பு என்றால் அதிலிருந்து 20 கிராம் வரும். ஆக 87 கிராம் கொழுப்பு. 820 கிராமில் இது 10.6 சதவீதம். மொத்தத் திடப்பொருள் ஏறத்தாழ 37 சதவீதம். தர விதிக்குப் பொருந்தும் கலவை நம் அடுப்பிலேயே தயாராகிவிட்டது.

பசும்பால் என்றால், ஃபேட் 4, எஸ்.என்.எஃப். 8.5 உள்ள ஒரு லிட்டர் பாலை 600 கிராமாகச் சுண்டக் காய்ச்சுங்கள். 120 கிராம் கிரீம், 120 கிராம் சர்க்கரை சேருங்கள். இதுவும் 10 சதவீதக் கொழுப்பையும் 36 சதவீதத் திடப்பொருளையும் தாண்டிவிடும்.

கிரீம் பிரிக்கும் இயந்திரம் இல்லாதவர்கள் காய்ச்சிய பாலின் மேல் படியும் பாலாடையைச் சேர்த்து வைத்துப் பயன்படுத்தலாம். புளித்த வாடை வந்த ஆடையைச் சேர்க்காதீர்கள். வீட்டு ஆடையில் கொழுப்பின் அளவு மாறும் என்பதால் விற்பனைக்கு அது ஏற்றதல்ல.

கொழுப்பு கூட வேண்டும் என்று பாலை மிக அதிகமாகச் சுண்டவைக்கக் கூடாது. பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரை அளவுக்கு மீறிச் செறிந்தால், சில நாளில் படிகமாகி நாக்கில் மணல் போல நெருடும். மேலே சொன்ன அளவில் நிறுத்திக்கொள்வது பாதுகாப்பானது.

செய்முறை

1. அடி கனமான பாத்திரத்தை முதலில் வெறுமையாக எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பால் எவ்வளவு சுண்டியது என்பதைக் கண்ணால் மதிப்பிடாமல் தராசில் பார்க்க இது உதவும்.

2. பாலை மிதமான தீயில் கிளறிக்கொண்டே காய்ச்சுங்கள். ஓரத்தில் ஒட்டும் ஆடையை வழித்து உள்ளேயே விடுங்கள். அடிப்பிடித்தால் அந்த வாசனை கடைசி வரை போகாது.

3. வேண்டிய எடைக்குச் சற்று மேலே இருக்கும்போது ஒரு தேக்கரண்டி கூவைக்கிழங்கு மாவை ஆறிய பாலில் கரைத்து ஊற்றி 2 நிமிடம் கொதிக்க விடுங்கள். இது தண்ணீரைப் பிடித்து வைத்துப் பனிப் படிகம் பெரிதாகாமல் தடுக்கும். கூவை மாவு இல்லையென்றால் சோள மாவு சேர்க்கலாம்.

4. சர்க்கரை, கிரீம், ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள். சர்க்கரையைக் குறைக்க நினைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை, உறையும் வெப்பநிலையையும் அதுதான் குறைக்கிறது. மிகவும் குறைத்தால் ஐஸ்கிரீம் கல்லாகிவிடும். அதிகமாகப் போட்டால் உறையவே உறையாது.

5. பாத்திரத்தைக் குளிர்ந்த நீர்த் தொட்டியில் வைத்துக் கிளறி, விரைவாக ஆற வையுங்கள். மூடி, ஃபிரிட்ஜில் 4 டிகிரி செல்சியஸ் அளவில் குறைந்தது 4 மணி நேரம், முடிந்தால் இரவு முழுவதும் வையுங்கள். இந்த ஊறல் நேரத்தில் கொழுப்பு இறுகி, பால் புரதம் நீரை உறிஞ்சிக்கொள்ளும். இதை விட்டுவிட்டால் ஐஸ்கிரீம் சீக்கிரம் உருகும்.

6. பழக்கூழ் 200 கிராம் சேர்த்து உறைய வையுங்கள்.

இயந்திரம் இல்லாமல் உறைய வைக்க இரண்டு வழிகள்

மிக்ஸி முறை: கலவையை ஐஸ் தட்டில் ஊற்றி ஃபிரீசரில் கெட்டியாக உறைய விடுங்கள். கட்டிகளை மிக்ஸியில் போட்டு, உருகிவிடாமல் விட்டு விட்டு அடித்து, உடனே குளிர்ந்த டப்பாவில் நிரப்பித் திரும்ப ஃபிரீசரில் வையுங்கள். இன்னொரு முறை இப்படிச் செய்தால் இன்னும் மென்மையாகும்.

உப்பு ஐஸ் முறை: மூடி உள்ள எவர்சில்வர் தூக்குவாளியில் குளிர்ந்த கலவையைப் பாதி அளவு ஊற்றுங்கள். பெரிய வாளியில் 4 பங்கு உடைத்த ஐஸ், 1 பங்கு கல் உப்பு போட்டு, நடுவில் தூக்குவாளியை வைத்துச் சுழற்றுங்கள். உப்பு பட்ட ஐஸ் சுழியத்துக்குக் கீழேயும் உருகும். உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தை உள்ளே இருக்கும் கலவையிலிருந்து இழுத்துக்கொள்ளும். அவ்வப்போது திறந்து, சுவரில் உறைந்ததை மரக்கரண்டியால் வழித்துக் கலக்குங்கள். அரை மணி நேரத்தில் குழைந்த பதத்துக்கு வந்துவிடும். மீன் சந்தை ஐஸ் குடிநீரில் செய்ததாக இருக்காது. அதன் உப்பு நீர் ஒரு துளிகூட உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பழம், எப்படிச் சேர்ப்பது?

மாம்பழம், சப்போட்டா, பலா: நன்கு பழுத்ததை அரைத்து, கூழைச் சூடாக்கி ஆற வைத்துச் சேருங்கள். பால் கலவையும் குளிர்ந்திருக்க வேண்டும். சூடான பாலில் புளிப்புப் பழம் பட்டால் திரிந்துவிடும்.

அன்னாசி, பப்பாளி: பச்சையாகச் சேர்த்தால் இவற்றில் உள்ள நொதிகள் பால் புரதத்தைச் சிதைத்துக் கசப்பை உண்டாக்கும். கூழைக் கொதிக்க வைத்து ஆற்றிய பிறகே சேருங்கள்.

சீத்தாப்பழம்: விதையைக் கையால் நீக்கிவிட்டுத்தான் அரைக்க வேண்டும். விதைத்தூளைப் பூச்சிவிரட்டியாகப் பயன்படுத்துவது உங்களுக்குத் தெரியும். மிக்ஸியில் ஒரு விதை உடைந்தாலும் அந்தக் கூழை உணவுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

வெல்லம், கருப்பட்டி: கொதிக்கும் பாலில் வெல்லம் போட்டால் திரிந்துபோகும். தனியே பாகாகக் காய்ச்சி, வடிகட்டி, ஆறிய பிறகு ஆறிய பாலில் கலக்குங்கள். கருப்பட்டி ஐஸ்கிரீம் சர்க்கரை நோயாளிகளுக்கு ஏற்றது என்று சொல்லி விற்காதீர்கள். அதுவும் சர்க்கரைதான்.

வாழைப்பழம்: பாலே வேண்டாம் என்பவர்களுக்கு எளிய வழி இது. நன்கு பழுத்த பழத்தை வில்லைகளாக வெட்டி உறைய வைத்து மிக்ஸியில் அடித்தால், வேறு எதுவும் சேர்க்காமலே குழைவாக வரும். பால் கொழுப்பு இல்லாததால் விற்கும்போது இதை ஐஸ்கிரீம் என்று பெயரிட முடியாது.

நிறத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சப்போட்டா ஐஸ்கிரீம் மங்கிய பழுப்பாகத்தான் இருக்கும். உண்மையான பிஸ்தா பளிச்சென்ற பச்சையாக இருக்காது. கடை நிறத்துக்குப் பழகிய பிள்ளைகள் முதலில் தயங்குவார்கள். பீட்ரூட் சாறு, மஞ்சள், சங்குப்பூ போன்றவற்றைச் சிறிதளவு சேர்க்கலாம். சேர்க்காமலே பழக்குவது நல்லது.

உறைய வைத்தால் கிருமி சாகாது

இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். குளிர் கிருமிகளைத் தூங்க வைக்கும், கொல்லாது. லிஸ்டீரியா போன்ற சில கிருமிகள் ஃபிரிட்ஜ் குளிரிலும் பெருகும். பச்சைப் பாலில் செய்த ஐஸ்கிரீம் மூலம் கன்று வீச்சு நோய் எனப்படும் புருசெல்லோசிஸ் மனிதருக்கும் வரலாம். எனவே 'பண்ணைப் பால், அப்படியே இயற்கையாக' என்று காய்ச்சாத பாலில் செய்யாதீர்கள்.

• மடிநோய் உள்ள மாட்டின் பாலைச் சேர்க்க வேண்டாம்.
• ஆன்டிபயாடிக் போட்ட மாடாக இருந்தால், கால்நடை மருத்துவர் சொன்ன நாள் முடியும் வரை அந்தப் பாலை விலக்கி வையுங்கள். காய்ச்சினால் மருந்து எச்சம் போய்விடும் என்று நம்ப முடியாது.
• பச்சை முட்டை சேர்க்க வேண்டாம்.
• காய்ச்சிய பிறகு தொடும் கரண்டி, மிக்ஸி ஜார், டப்பா எல்லாவற்றையும் கொதிநீரில் கழுவுங்கள். கிருமி பெரும்பாலும் திரும்ப உள்ளே வருவது இந்த இடத்தில்தான்.
• மின்வெட்டில் உருகிய ஐஸ்கிரீமைத் திரும்ப உறைய வைத்து விற்காதீர்கள். சுவையும் போகும், ஆபத்தும் உண்டு.

ஃபிரீசரில் மைனஸ் 18 டிகிரியில் வையுங்கள். அடிக்கடி கதவைத் திறக்கும் ஃபிரீசரில் ஐஸ்கிரீம் லேசாக உருகி உறைந்து படிகம் பெரிதாகும். பசைப்பொருள் அதிகம் சேர்க்காத வீட்டு ஐஸ்கிரீமை 10 முதல் 15 நாட்களுக்குள் முடித்துவிடுங்கள்.

விற்க நினைக்கிறீர்களா? முதலில் இந்தக் கணக்கு

உங்கள் ஊர் விலையைப் போட்டு இதே முறையில் கணக்கிடுங்கள். எடுத்துக்காட்டாக, எருமைப் பால் லிட்டர் 60 ரூபாய், கிரீம் 25, சர்க்கரை 6, பழம் 20, எரிவாயு 12, கப்பும் லேபிளும் 33, மின்சாரம் 10 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 166 ரூபாய். பழக்கூழுடன் 1 கிலோ அளவு கிடைக்கும். கையால் அடித்தால் 100 மில்லி கப்பில் 11 கப் வரும். ஒரு கப்புக்கு அடக்கம் 15 ரூபாய். இதில் உங்கள் கூலி இல்லை.

இதே 1 கிலோ கலவையை லிட்டருக்கு 525 கிராம் வரும்படி இயந்திரத்தில் காற்றேற்றினால் 19 கப் ஆகிவிடும். பெரிய நிறுவனத்துடன் விலையில் போட்டி போட முடியாததற்கு இது ஒரு காரணம். எனவே '10 ரூபாய் கப்' சந்தைக்குப் போகாதீர்கள். எடையைக் காட்டி, பழத்தைக் காட்டி விற்கக்கூடிய இடங்களைத் தேடுங்கள். உழவர் சந்தைக்கு வரும் வாடிக்கையாளர்கள், இயற்கை அங்காடிகள், சிறு விசேஷங்கள் போன்றவை பொருந்தும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஐஸ்கிரீம் அதிகம் விற்கும் ஏப்ரல், மே மாதங்களில்தான் வெயிலாலும் பசுந்தீவனக் குறைவாலும் கறவை குறையும். சொசைட்டிக்கும் வாடிக்கை வீடுகளுக்கும் ஊற்றும் பாலை நிறுத்திவிட்டு முழுவதையும் இதில் போடாதீர்கள். விற்காமல் தங்கினால் இரண்டு பக்கமும் நட்டம். தினமும் 2 அல்லது 3 லிட்டரில் தொடங்கி, தொடர்ந்து விற்கும் அளவு தெரிந்த பிறகு டீப் ஃபிரீசருக்கும் இயந்திரத்துக்கும் கடன் வாங்குவதைப் பற்றி யோசியுங்கள்.

சட்டப்படி செய்ய வேண்டியவை

சிறிய அளவில் விற்றாலும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு கட்டாயம். இணையத்தில் ஃபாஸ்காஸ் தளத்திலோ, மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலோ விண்ணப்பிக்கலாம். லேபிளில் மூலப்பொருள்கள், ஊட்டச்சத்து விவரம், தயாரித்த தேதி, காலாவதி தேதி, அளவு, விலை, முகவரி, பதிவு எண், சைவக் குறியீடு ஆகியவை இருக்க வேண்டும்.

மேலே போட்ட கணக்கில் 820 கிராம் கலவையுடன் 200 கிராம் பழக்கூழ் சேர்ந்ததும் கொழுப்பு 8.5 சதவீதமாக இறங்கிவிடும். அதை 'மீடியம் ஃபேட் ஐஸ்கிரீம்' என்றுதான் குறிப்பிட வேண்டும். அல்லது கிரீமைக் கூட்ட வேண்டும். விற்பனையைத் தொடங்கும் முன் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் ஒரு மாதிரியைக் கொடுத்துச் சோதித்துக்கொள்ளுங்கள்.

'இயற்கை' என்ற சொல்லிலும் கவனம் தேவை. 2018-ஆம் ஆண்டின் விளம்பர விதிகளின்படி, பல பொருள்கள் கலந்த உணவை நேரடியாக 'இயற்கையானது' என்று சொல்ல முடியாது. சேர்ந்த எல்லாப் பொருளும் இயற்கையானவையாக இருந்தால் 'இயற்கைப் பொருள்களால் தயாரிக்கப்பட்டது' என்று குறிப்பிடலாம். கடைச் சாக்லேட் சிரப்பையோ எசன்ஸையோ சேர்த்துவிட்டு இப்படி எழுதக் கூடாது.

பயிற்சிக்கு உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தையும், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையங்களையும் கேட்டுப் பாருங்கள். சென்னை கொடுவள்ளியில் அப்பல்கலைக்கழகத்தின் உணவு மற்றும் பால்வளத் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. 2020-இல் தொடங்கிய பிரதமரின் குறு உணவு நிறுவனங்கள் திட்டத்தில் இயந்திரச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை கடனுடன் இணைந்த மானியம் உண்டு. இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று மாவட்டத் தொழில் மையத்தில் விசாரித்துவிட்டு, அதன் பிறகு இயந்திரத்துக்கு முன்பணம் கொடுங்கள்.

இந்த வாரம் ஒரு லிட்டர் பாலில் தொடங்குங்கள். சுண்டிய எடை, சேர்த்த கிரீம், சர்க்கரை, கிடைத்த கப்புகளின் எண்ணிக்கை, ஆன செலவு ஆகிய ஐந்தையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நான்கைந்து முறை செய்த பிறகு அந்த நோட்டைப் பார்த்தால், வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் செய்வதா, விற்பனைக்கும் போகலாமா என்பது தெரிந்துவிடும்.